எபோலா காலத்தில் இமாமும் போதகரும்

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா உலுக்கியபோது, நோய் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று இறுதிச் சடங்கு. இறந்தவரின் உடலில் வைரஸ் மிகுந்திருக்கும். கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளிலோ உடலைத் தொட்டுக் குளிப்பாட்டி வழியனுப்புவதே வழக்கம்.

லைபீரிய அரசு மன்ரோவியாவில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. புதைத்தே பழகிய மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள். உடல்களை ரகசியமாகப் புதைத்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அடக்க விதிகளைத் திருத்தியது. இஸ்லாமிக் ரிலீஃப், கரித்தாஸ், வேர்ல்டு விஷன், உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகிய மதம்சார் அமைப்புகள் அந்தப் பணியில் பங்கேற்றன. முஸ்லிம்களுக்குக் குளிப்பாட்டலுக்குப் பதில் தயம்மும் எனும் நீரில்லாத் தூய்மைச் சடங்கு, உடலைப் போர்த்த வெள்ளைக் கஃபன் துணி. கிறிஸ்தவர்களுக்குப் போதகரின் ஜெபம். குடும்பத்தார் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்க அனுமதி. இமாமும் போதகரும் எடுத்துச் சொன்னபோது, உடலை எடுக்க வந்த கவச உடைக்காரர்களை விரட்டிய ஊர்களும் செவிசாய்த்தன.

11,300க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரிடரில் மத அமைப்புகளின் பெரிய முதலீடு ஊராரின் நம்பிக்கைதான். அதை மதமாற்றத்துக்குத் தூண்டிலாக்கினால் முதலீடே கரைந்துவிடும். உதவியைக் கொண்டு மதக் கருத்தைப் பரப்பக் கூடாதென்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இலேயே நன்னடத்தை விதி வகுத்தன. ஆனால் அது தாமாக ஏற்கும் விதி. மீறினால் தண்டனை இல்லை. நிதி தரும் அரசுகள் அதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும். அடுத்த தொற்றுக்கான திட்டக் கூட்டத்துக்கு மதத் தலைவர்களை முதல் நாளே அழைக்கவும் வேண்டும்.