சரக்கு முகவர் தொழில்: நம் பிள்ளைகள் முதற்படியிலேயே நிற்க வேண்டுமா?



தாசேக் கெலுகோர் வழியாகச் செல்லும் தண்டவாளத்தில் பயணிகள் மட்டும் போவதில்லை. தென் தாய்லாந்தின் சரக்குகளைச் சுமந்த கொள்கலன்கள் பாடாங் பெசார் எல்லையைக் கடந்து, நம் ஊரைத் தாண்டித்தான் பட்டர்வொர்த் துறைமுகத்தை அடைகின்றன. உலக வணிகம் நம் வீட்டு வாசலில் ஓடுகிறது. அந்த வணிகத்தில் நம் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதே என் கேள்வி.

எனக்குத் தெரிந்த முன்னாள் மாணவர்கள் சிலர் இத்துறையில்தான் இருக்கின்றனர். ஒருவர் லோரி ஓட்டுகிறார். இன்னொருவர் முகவர் அலுவலகத்திற்கும் சுங்க அலுவலகத்திற்கும் இடையே பத்திரங்களைக் கொண்டுசெல்லும் ரன்னர். உழைத்து உண்ணும் எந்த வேலையும் தாழ்ந்ததன்று. ஆனால், இருபது வயதில் ரன்னராகச் சேர்ந்தவர் நாற்பது வயதிலும் ரன்னராகவே இருந்தால், அவரை அங்கே நிறுத்தி வைத்தது எது என்று நாம் கேட்க வேண்டாமா?

பேச்சுவழக்கில் 'பார்வர்டிங் ஏஜென்ட்' என்கிறோமே, அவர் செய்வது என்ன? சரக்குக்கு உரியவருக்கும் அதைச் சுமக்கும் கப்பலுக்கும் லோரிக்கும் நடுவே நின்று, இடம் பிடித்து, பத்திரங்களைச் சரிபார்த்து, சுங்க அறிவிப்பைச் செய்து, பொருளை உரிய இடத்தில் சேர்ப்பிக்கிறார். இறக்குமதிக்குக் கே1, ஏற்றுமதிக்குக் கே2 எனப் பாரங்கள் உண்டு. இப்போது அவை கணினி வழியே அனுப்பப்படுகின்றன. ஆகவே, தாளைச் சுமந்து செல்வது மட்டுமே தெரிந்தவருக்கு வேலை குறைந்துகொண்டே வரும். தாளில் என்ன எழுதவேண்டும் என்பதை அறிந்தவரே நிலைப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கோயில் குடமுழுக்குக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிள்ளையார் சிலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1988 முதல் நடைமுறையில் உள்ள எச்.எஸ். குறியீட்டு முறையில் உலகப் பொருள்கள் அனைத்தும் 97 அதிகாரங்கள் வரையிலான எண்களுக்குள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்தப் பிள்ளையார் செதுக்கிய கல்லாயின் 68ஆம் அதிகாரம், மரமாயின் 44, பித்தளை அல்லது வெண்கலமாயின் 83. ஒரு சிற்பியின் மூலப் படைப்பாயின் 97. ஆனால், வணிக நோக்கில் வழக்கமான கைத்தொழிலாகச் செய்யப்பட்டவை 97இல் சேரா என்று அதே அதிகாரத்தின் குறிப்பு விலக்குகிறது. விதி, விலக்கு, விலக்குக்கு விளக்கம்! இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது மிகவும் பழகிய பாதை அல்லவா? வேற்றுமை உருபையும் புணர்ச்சி விதியையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இவ்வகைப் படிப்பு எட்டாக்கனியன்று. குறியீடு தவறினால் வரி மாறும், தண்டம் வரும், சரக்கு துறைமுகத்தில் தேங்கி, நாள்தோறும் கட்டணம் ஏறும்.

சுங்கம் நமக்குப் புதியதுமன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் பொருள்களின்மேல் புலி இலச்சினை பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதை வகுப்பில் பெருமையோடு நடத்துகிறோம். பக்கத்திலுள்ள பட்டர்வொர்த்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்நாட்டில் பிறர் சார்பாகச் சுங்க அலுவல் பார்க்க, 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்கீழ் அனுமதி வேண்டும். அதற்கெனச் சுங்க முகவர் பயிற்சியும் தேர்வும் உள்ளன. 1926இல் வியன்னாவில் தோன்றிய ஃபியாட்டா எனும் அனைத்துலகக் கூட்டமைப்பின் டிப்ளோமாவுக்குப் பல நாடுகளில் மதிப்புண்டு. மேற்கல்வியை நாடுவோர்க்குக் கெடாவில், சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் தளவாடத் துறைப் பட்டப்படிப்பே இருக்கிறது. வேலை செய்துகொண்டே சுங்கத் தேர்வை எழுதுவதுதான் ரன்னர் நாற்காலியிலிருந்து எழுந்துவரும் வழி என்பது என் திண்ணமான கருத்து.

"எல்லாவற்றையும் கணினி விழுங்கிவிடுமே, ஐயா" என்று சில பெற்றோர் கேட்கின்றனர். அமெரிக்காவில் 2015இல் தொடங்கப்பட்ட கான்வாய் நிறுவனம், சரக்கையும் லோரியையும் செயலி வழியே இணைக்கப் பெரும் முதலீட்டைத் திரட்டியது. சரக்குச் சந்தை சரிந்தபோது தாங்கமுடியாமல் 2023 அக்டோபரில் இயக்கத்தை நிறுத்தியது. 1905இல் தொடங்கப்பட்ட சி.எச். ராபின்சன் இன்றும் அதே தரகுத் தொழிலைச் செய்கிறது. அவர்களும் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள்தாம். ஆயினும் 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது, "உங்கள் சரக்கு தாமதமாகும்" என்று வாடிக்கையாளர் கேட்குமுன் தாமே அழைத்துச் சொன்ன முகவர்களை அந்த வாடிக்கையாளர்கள் எளிதில் விட்டுவிடமாட்டார்கள். கெட்ட செய்தியை முதலில் சொல்லும் துணிவு எந்தச் செயலியிலும் வராது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முகவர் பலவேளைகளில் வரியையும் கட்டணத்தையும் தம் கையிலிருந்து முன்னதாகக் கட்டுகிறார். வாடிக்கையாளர் ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தருகிறார். பிறர் பணம் கைவழியே ஓடும்போது அதைத் தம் வருமானம் என்று எண்ணி மகிழுந்து வாங்கப் புறப்படுபவர் இத்தொழிலில் நீடிக்கமாட்டார். அமெரிக்காவில் சரக்குத் தரகர் ஒவ்வொருவரும் 75,000 டாலருக்குப் பிணையம் காட்டியாக வேண்டும் என்ற விதி இருப்பது லோரிக்காரரின் கூலி அப்படி மறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற மூன்றைத் தவிர நம் வீடுகளில் வேறு கனவுக்கு இடமில்லை. அந்த மூன்றும் கிட்டாத பிள்ளை, கிடைத்த வேலைக்குப் போகட்டும் என்று விடப்படுகிறான். எஸ்.பி.எம். முடித்த கையோடு லோரி உதவியாளாகப் போகும் மகனிடம், "போ, ஐயா, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் சுங்கத் தேர்வு எழுது" என்று சொல்ல ஒரு தந்தைக்கு எவ்வளவு செலவாகும்?

பள்ளி அளவில் நான் கேட்பது சிறியது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் கல்விச் சுற்றுலா ஒருமுறையேனும் துறைமுகப் பக்கம் போகட்டும். பெற்றோர்களுள் இத்துறையில் பணியாற்றுவோர் இருப்பின், ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்கு வந்து, பழைய கே1 பாரம் ஒன்றைப் பெயரையும் தொகையையும் மறைத்து மாணவர்களுக்கு விளக்க இயலுமா? தெரிவியுங்கள், தலைமையாசிரியரிடம் நானே பேசி நாள் குறிக்கிறேன்.