எத்தனை ஏக்கர்?

மயிலாப்பூரில் இப்போது வீட்டுக்கு வீடு கீரை விளைகிறது. மாட வீதி நண்பர் ஒருவர், பேரன் பரீட்சையில் தேறியதைச் சொல்லுகிற பெருமையோடு தம் தண்டுக்கீரையைப் பற்றிச் சொல்லுகிறார். எனக்குப் பொறாமை இல்லை. ஆனால், "மண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. "மண்ணுக்கு என்ன ஸார், மண்தானே!"

அந்த 'மண்தானே'யோடுதான் என் சண்டை. என் வீட்டு வாசலில் பாத்தி போடலாமென்று தோண்டினேன். ஒரு முழத்துக்குள் செங்கல் துண்டு, காரை, பெயிண்ட் உரிந்த கதவுச் சட்டம் எல்லாம் வந்தன. இடித்துப்போட்ட வீட்டின் சரித்திரமே அங்கே கிடந்தது. பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தினார்கள். அதுவரை கார்களும் ஸ்கூட்டர்களும் கக்கிய ஈயம் சாலையோர மண்ணில்தான் இருக்கிறது. அது மக்காது. கீரையில் ஒட்டிய புழுதியாகவும், மண்ணளையும் குழந்தையின் விரல் வழியாகவும் வயிற்றுக்குள் போகும். இவ்வளவு ஈயம் இருந்தால் குழந்தைக்குப் பாதகமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே ஓர் அளவைச் சொல்லத் துணியவில்லை.

மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார்கள். ஒரு பாத்தி என்றேன். சிரித்தார்கள்.

2015-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மண் வள அட்டையில் 12 விஷயங்கள் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு இப்படிப் போகிறது ஜாபிதா. ஈயம் அதில் இல்லை. பயிருக்கு எது குறைகிறது என்றுதான் அட்டை கேட்கிறது. மண்ணில் எது வேண்டாமல் சேர்ந்திருக்கிறது என்று கேட்பதில்லை. வயலுக்கு அது சரி. பட்டணத்துக்கு? தென்னை நார்க்கழிவை நிரப்பிய பையில் வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை, வாஸ்தவம். மாடி இருப்பவர்களுக்கு அது. தரையில் விதைப்பவர்களும், பூங்காவில் விளையாடும் பிள்ளைகளும் என்ன செய்வது?

மழைத்தண்ணீர் விஷயமும் இப்படித்தான். மயிலாப்பூரில் கடற்கரை மணல், ஊற்றினால் குடித்துவிடும். தியாகராய நகரோ 1920-களில் ஏரியை வடித்துவிட்டுக் கட்டிய ஊர். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் குழி வெட்டினால் எப்படி? ஓரடிக் குழியில் தண்ணீர் ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் வடிகிறதென்று கடிகாரத்தைப் பார்க்க எந்த நிபுணரும் வேண்டாம். ஈயத்துக்குத்தான் பரிசோதனைச்சாலை வேண்டும். பூங்காவுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்னால் மாநகராட்சி அதைச் செய்யட்டும்.

நேற்று அடுத்த வீட்டு மாமி ஒரு கட்டு அரைக்கீரை கொடுத்தார். சாலையை ஒட்டிய பாத்தியில் விளைந்தது. மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டேன். இன்னும் சமைக்கவில்லை.