எலிக்கு வந்தது முதலாளிக்குத் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது

பிவிசி குழாய் செய்ய வினைல் குளோரைடு வாயு வேண்டும். இத்தாலிய விஞ்ஞானி மல்டோனி அதை எலிகளைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார். காற்றில் பத்து லட்சத்துக்கு 250 பங்கு இருந்தாலே கல்லீரலில் அரிய புற்றுநோய் வந்தது. அமெரிக்க ஆலைகளில் அன்று சட்டம் அனுமதித்த அளவோ 500.

1973 ஜனவரியிலேயே அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இது தெரியும். வெளியே சொல்வதில்லை என்று ஐரோப்பிய முதலாளிகளோடு ஒப்பந்தம். மறுவருடம் ஜனவரியில் லூயிவில் நகர குட்ரிச் ஆலைத் தொழிலாளர்கள் அதே புற்றுநோயில் இறந்தது அம்பலமானது. பிறகுதான் அளவு 1 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலைகளை மூட வேண்டியதுதான் என்று அழுதார்கள். பிவிசி உற்பத்தி நிற்கவே இல்லை!

அந்த ஆலைகளில் அதிகமாக விஷத்தைச் சுவாசித்தவர்கள், கொப்பரைக்குள் இறங்கி ஒட்டியதைச் சுரண்டிய தொழிலாளர்கள். தொட்டிக்குள் இறங்குவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எலிச் சோதனை மனிதனுக்குப் பொருந்தாது என்று சொல்லும் நிபுணர்கள் யாரும் அதற்குள் இறங்கியதில்லை.

நம் ஊர் சிப்காட்டுகளில் ஒப்பந்தக் கூலியாக உள்ளே போகிறவர்கள் நம் பிள்ளைகள். எந்த வாயு, எவ்வளவு, எலிக்கு என்ன செய்தது என்று தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்டு என்று கேட்போம். ஒட்டும்வரை யாரும் தொட்டிக்குள் இறங்க வேண்டாம்.