கண்டவரும் தொடர்ந்தவரும்

பள்ளி மாணவர் ஒருவர் புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார் என்னும் செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது இடம்பெறுகின்றது. தொலைநோக்கியில் எடுத்த படங்களைப் பன்னாட்டு அமைப்பு ஒன்று இணையவழி அனுப்பி வைக்கின்றது. மாணவர் அப்படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இடம் மாறும் புள்ளி எதுவெனக் குறித்து அனுப்புகின்றனர். நல்ல முயற்சிதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அச்செய்தியில் ஒரு சொல் விடுபட்டுப் போகின்றது. ‘முதற்கட்டம்’ என்பதே அச்சொல். சான்றிதழில் அது இருக்கும். செய்தியின் தலைப்பில் இராது.

புள்ளியைக் கண்டது தொடக்கம் மட்டுமே. அது எங்கே செல்கின்றது என்று கணித்து, கணித்த இடத்தில் மீண்டும் பார்த்தால்தான் அச்சிறுகோள் கைக்குள் வந்ததாகக் கொள்ள முடியும். கண்டவரைக் கொண்டாடும் நாம், தொடர்ந்தவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இது மாற வேண்டும்.

மங்கலான சிறுகோள் எளிதில் தொலைந்துபோகும் பொருள். படத்தில் அதற்கென்று தனி உருவம் இல்லை. எண்ணற்ற விண்மீன்களிடையே அதுவும் ஒரு புள்ளி. நகர்வு ஒன்றே அதனைக் காட்டிக்கொடுக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள், புவிக்கு அணிமையில் வரும் நாள்களில், ஒரே நாளில் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பாதியளவு நகர்ந்துவிடும். ஒரு மாதம் மேகம் மறைத்தால் போதும். பழைய இடத்தில் தேடுபவர்க்கு அது கிடைக்காது.

அப்படித் தொலைந்ததுதான் முதல் சிறுகோளாகிய சீரிசு. 1801ஆம் ஆண்டின் முதல் நாளன்று இத்தாலிய வானியலார் பியாசி அதனைக் கண்டார். பிப்ரவரி வரை பார்த்தார். பின்னர் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. எங்கே மீண்டும் தோன்றும் என்று எவருக்கும் தெரியவில்லை. இருபத்து நான்கு வயது நிரம்பிய காவுசு என்னும் செருமானியக் கணித அறிஞர், பியாசியின் குறிப்புகளைக் கொண்டு பாதையைக் கணித்தார். அவ்வாண்டின் கடைசி நாளன்று, அவர் சொன்ன இடத்திற்கு அருகிலேயே சீரிசு கிடைத்தது. காவுசு அதனைத் தொலைநோக்கியில் தேடி அலையவில்லை, தாளில் கண்டார்.

அந்தக் கணக்கின் அடிப்படையை எட்டாம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்ளலாம். ஞாயிற்றைச் சுற்றும் பொருளின் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதையின் அளவு, அதன் நீள்மை, சாய்வு, அது திரும்பியிருக்கும் நிலையைச் சொல்லும் கோணங்கள் இரண்டு, குறித்த ஒரு நாளில் பொருள் நின்ற இடம் ஆகியவையே அவ்வாறு எண்கள். ஒரு முறை பார்த்தால் கிடைப்பவையோ இரண்டு எண்களே: வானில் கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே என்பவை. தொலைவு தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று முறை பார்த்தாக வேண்டும். இரண்டு முறை பார்த்தவரிடம் நான்கு எண்களே இருக்கும்; மீதி இரண்டை ஊகத்தால் நிரப்ப இயலாது.

இதற்குத் தென்னாட்டிலேயே சான்று உண்டு. சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் தலைவராக நார்மன் போக்சன் பணியாற்றி வந்தார். விண்மீன்களின் ஒளியளவை ஒழுங்குபடுத்தியவர் இவர்தான். ஐந்து படி குறைந்தால் ஒளி நூறு மடங்கு குறையும் என்னும் இவருடைய அளவுகோலையே இன்றும் உலகம் கையாளுகின்றது. 1861 ஏப்ரல் 17 அன்று சென்னையில் இருந்தபடி சிறுகோள் ஒன்றைக் கண்டு, ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலின் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் சூட்டினார். அதன் பின்னும் நான்கு சிறுகோள்களைச் சென்னையிலிருந்து கண்டார்.

1872 நவம்பர் இறுதியில் செருமனியிலிருந்து அவருக்குத் தந்தி ஒன்று வந்தது. இரண்டாக உடைந்து காணாமற்போன பியேலா வால்விண்மீனின் எச்சம் தென்வானில் தெரியக்கூடும், தேடுக என்பது அதன் கருத்து. டிசம்பர் தொடக்கத்தில் போக்சன் தேடினார். சொன்ன பகுதியில் வால்விண்மீன் ஒன்று இருந்தது! அடுத்தடுத்து இரண்டு நாள் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு பருவகால மேகம் வானை மூடிக்கொண்டது. மூன்றாவது குறிப்பு கிடைக்கவேயில்லை. அவர் கண்டது பியேலாவின் எச்சமா, தொடர்பில்லாத வேறொன்றா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். பாதையைக் கணிக்க இயலாத வால்விண்மீன்களுக்கு இக்காலத்தில் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தை முன்னடையாக இடுவது வழக்கம். சென்னையில் கண்ட அவ்வால்விண்மீனும் அவ்வெழுத்தோடுதான் பட்டியலில் நிற்கின்றது. போக்சனிடம் திறமைக்குக் குறைவில்லை. ஓர் இரவுதான் குறைந்தது.

அதே ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த பெருமை இவருக்கு உண்டு. எனினும் தமிழர் இல்லங்களுக்கு நெருக்கமானது இவருடைய மற்றொரு பணியே. பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று வாதிட்டு, பார்வையால் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை இவர் வெளியிட்டார். திருப்பதியிலோ சித்தூரிலோ குடியேறிய தமிழர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாள்தோறும் விண்மீனும் திதியும் அச்சாகியுள்ளன. அவை நிலவின் இடத்தைச் சொல்லும் கணக்குகள் என்பதைக் கிழித்தெறிபவர்களில் எத்தனை பேர் நினைக்கின்றனர்? கணக்கு, காட்சியிலிருந்து சிறிது சிறிதாக விலகும். மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்த வேண்டும். சிறுகோளுக்கும் இதுவே முறை.

போக்சன் தம் கடைசிச் சிறுகோளைக் கண்டது 1885இல். அதன் பின் நூறாண்டுக்கும் மேலாக இந்திய மண்ணிலிருந்து ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. அந்த இடைவெளியை முடித்துவைத்தது காவலூர். சித்தூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தெற்கே, சவ்வாது மலைமேல், வாணியம்பாடிக்கு அணித்தாக உள்ள ஊர் அது. மாநில எல்லை இடையில் கிடந்தாலும் இரண்டு ஊர்க்கும் தலைக்கு மேலே இருப்பது ஒரே வானம். அங்கே 1988 பிப்ரவரி 17 அன்று இராசமோகன் என்னும் வானியலார், 45 செ.மீ. சிமித் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் பெயரால் அது இன்று ‘4130 இராமானுசன்’ எனப்படுகின்றது. வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிடவும் அது பல்லாயிரம் மடங்கு மங்கல்.

பெயரைப் பலரும் பாராட்டுவர். முன்னால் உள்ள எண்ணே அதனினும் அரிய பரிசு. சிறுகோளுக்கு முதலில் கிடைப்பது தற்காலிகக் குறியீடு மட்டுமே. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களிலிருந்து அதனைப் பார்த்து, இனி இது தொலையாது என்று உறுதிப்பட்ட பின்னரே எண் வழங்குவர். எண் கிடைத்த பின்னரே பெயர். 4130 என்னும் அவ்வெண்ணுக்குள் பெயர் தெரியாத பலருடைய இரவுகள் அடங்கியிருக்கின்றன.

தொடர்வோர் இல்லையெனில் என்ன ஆகும்? 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று ‘2024 ஒய்.ஆர்.4’ என்னும் சிறுகோளைக் கண்டது. 2032 டிசம்பரில் அது புவியைத் தாக்கக்கூடும் என்றனர். தாக்கக்கூடிய பகுதிகளின் வரிசையில் தெற்காசியாவும் இருந்தது. வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் மூன்றையும் சற்றுத் தாண்டியது. உலகம் அஞ்சியது, வதந்தி பரப்புவோர்க்கு நல்ல அறுவடை. சில நாள்களில் அவ்வாய்ப்பு ஏறக்குறைய இல்லையென்றாயிற்று. முன்னர்ச் சொன்னது பொய்யோ என்று கேட்டவரும் உண்டு. பொய்யன்று. காணாமற்போன காளை நூறு ஊர்களுள் ஏதோ ஒன்றில் இருக்கின்றது எனில், நம் ஊரில் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. தேடல் முப்பது ஊர்களாகச் சுருங்கியும் நம் ஊர் அப்பட்டியலில் இருந்தால், வாய்ப்பு முப்பதில் ஒன்றாக உயரும். காளை வேறோர் ஊரில் அகப்பட்டதும் நம் ஊருக்குரிய வாய்ப்பு இல்லாமற்போகும். ஒவ்வோர் இரவும் மங்கிக்கொண்டே சென்ற அப்புள்ளியை விடாது அளந்தவர்களே உலகின் அச்சத்தைத் தீர்த்தனர். அவர்களுள் எவர் பெயரும் தலைப்புச் செய்தியாகவில்லை.

‘இளையோர்க்கு ஊக்கம் வேண்டாவா? கண்டுபிடித்தாய் என்று சொன்னால்தானே ஆர்வம் வளரும்?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின் முதற்கட்டத்தை முடிவென்று நம்பிய மாணவர், சில ஆண்டுகள் கழித்துத் தம் புள்ளி வேறொருவர் முன்பே கண்டது என அறியும்போது அடையும் ஏமாற்றம் சிறிதன்று. உள்ளதை உள்ளபடி சொன்னால் ஊக்கம் குறையாது.

பள்ளி அறிவியல் மன்றங்கள் ஒன்று செய்யலாம். வெசுட்டா என்னும் சிறுகோள் புவிக்கு அணிமையில் வரும் மாதங்களில் சாதாரண இருகண் தொலைநோக்கியிலேயே தெரியும். ஊர் விளக்குகளுக்கு அப்பால், இருண்ட இடத்திலிருந்து அதனைப் பார்த்து, சுற்றியுள்ள விண்மீன்களோடு சேர்த்து ஏட்டில் வரைந்து, நாளும் நேரமும் குறிக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து எழுதிய ஏட்டுக்குக் கண்டுபிடிப்புச் சான்றிதழுக்கு இணையான மதிப்பைப் பள்ளி வழங்க வேண்டும். மழை நாள்களில் வரைய எதுவும் இராது. அப்பக்கத்தையும் வெறுமையாக விடாமல், நாளைக் குறித்து ‘மேகம்’ என்று எழுத வேண்டும்.