பினாங்கு மண்ணின் எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு



அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் 'யுலிசீஸ்' நாவலின் கதையை டப்ளின் நகரத்தில் ஒரே நாளில், 1904 ஜூன் 16இல், நிகழ்வதாக அமைத்தார். இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் அந்நகரத்தார் நாவலின் தெருக்களில் நடந்து, பகுதிகளை உரக்கப் படித்து மகிழ்கின்றனர். எழுத்தாளனுக்கு இதைவிடச் சிறந்த மாலை எது?

நம் தீவிலும் அத்தகைய சிறப்புக்குரிய ஒருவர் வாழ்ந்தார். கெடாவின் பீடோங்கில் 1940இல் பிறந்து, மலேசிய வானொலியில் பணியாற்றி, பின்னர் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் திகழ்ந்த ரெ. கார்த்திகேசுவே அவர். 2016 அக்டோபரில் மறைந்தார்.

மலேசியத் தமிழ்ப் புனைகதை என்றாலே இரப்பர்த் தோட்டமும் பால்மரமும் நினைவுக்கு வருவது வழக்கம். அவ்வாழ்வு எழுதப்பட வேண்டியதே. ஆயினும் கல்வியால் உயர்ந்து நகரத்தில் குடியேறிய தமிழரின் மனப்போராட்டங்களும் இலக்கியமாகும் எனக் காட்டியவர்களுள் கார்த்திகேசு முதன்மையானவர். 'காதலினால் அல்ல' பல்கலைக்கழக வாழ்வைப் பேசுகிறது. 'அந்திம காலம்' புற்றுநோயுற்ற முதியவர் ஒருவர் மரணத்தை எதிர்நோக்கும் மனத்தை ஆராய்கிறது. பிறர் படைப்புகளை நேர்மையாக எடைபோட்ட திறனாய்வாளராகவும் அவர் விளங்கினார். நட்புக்காகப் புகழும் வழக்கம் மிகுந்த சிறிய இலக்கிய உலகில் அது எளிய பணியன்று.

இத்தகையவரை நினைவேந்தல் கூட்டத்தில் வாழ்த்திவிட்டு வீடு திரும்புவது போதுமா? போதாது என்பதே என் கருத்து. எழுத்தாளன் வாழ்வது படத்திறப்பில் அன்று, படிப்போர் உள்ளத்தில்தான்.

'அவருடைய நாவல்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவையா?' எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. முதுமையும் மரணமும் பேசும் நாவலைப் பத்து வயதுப் பிள்ளையிடம் தருதல் முறையன்று. ஆனால் ஆசிரியர் படிப்பதற்கு என்ன தடை? படித்த ஆசிரியரே, "நம் ஊரிலும் நாவல் எழுதினார் ஒருவர்" என்று வகுப்பில் பெருமிதத்தோடு சொல்ல முடியும். தமிழ் நூல் என்றால் தமிழகத்திலிருந்து கப்பலேறி வருவது என்று எண்ணி வளரும் பிள்ளை, தானும் எழுதலாம் என ஒருநாளும் கனவு காணாது.

நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இல்லை. 'அந்திம காலம்' மதுரைத் திட்டத்தின் இணையத் தளத்தில் விலையின்றிக் கிடைக்கிறது.

ஆகவே பினாங்குத் தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாண்டு அக்டோபருக்குள் அவர் நூல் ஒன்றை முழுமையாகப் படியுங்கள். பின் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி விவாதியுங்கள். குறை தோன்றினால் குறையையும் கூறுங்கள். திறனாய்வாளராக வாழ்ந்தவருக்கு அதுவே தக்க அஞ்சலி.