டிக்கெட் இலவசம், சரி. பஸ் எங்கே?



2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. யார் ஆட்சியில் வந்தது என்று பார்த்து நல்ல திட்டத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்காவைக் கேட்டுப் பாருங்க. போக 10, வர 10, மாசம் 25 நாள். 500 ரூபாய் கையில நிக்குது. கேஸ் சிலிண்டருக்குப் பாதிக் காசு அது.

"ஓசி டிக்கெட்"னு கேலி பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. அந்த அக்கா சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் இருக்கு.

ஆனால் டிக்கெட் இலவசமா இருந்தா மட்டும் கடைக்குப் போய்ச் சேர முடியாது. பஸ் வரணும். காலை 8.10 வண்டி வரலை, ஏன்னு சொல்ல ஆளும் இல்லை. அடுத்த வண்டி 9 மணிக்கு. ஷேர் ஆட்டோ ஏறினால் 20 ரூபாய். ஏறாவிட்டால் அரை நாள் சம்பளம் கட். மாசத்தில் நாலு நாள் இப்படி ஆனால் மிச்சம் பிடிச்ச காசு என்ன ஆகும்?

கிராமத்தில் இன்னும் மோசம். ராத்திரி கடைசி பஸ்ஸை நிறுத்திட்டா டவுன் காலேஜுக்குப் பொண்ணை அனுப்ப வீட்டில் யோசிப்பாங்க. பையன் படிக்கட்டில் தொங்குவான். "படியில் பயணம் நொடியில் மரணம்"னு எழுதிப் போட்டா போதுமா? உள்ளே கால் வைக்க இடம் வேண்டாமா? (கெத்துக்குத் தொங்குறவனும் இருக்கான், இல்லைன்னு சொல்லலை.)

வசதி இருக்கிறவர் கடன் போட்டு பைக் வாங்கி, 100 ரூபாய் பெட்ரோல் ஊத்திப் போயிடுறார். ஸ்டாப்பில் மிச்சம் நிற்பது வயசானவங்க, பொம்பளைங்க, பிள்ளைங்க. அவங்க சொல்வது எந்த அதிகாரி காதிலும் விழாது.

தனியார் வண்டி வசூல் உள்ள ரூட்டைத்தான் பார்க்கும். வசூல் இல்லாத ஊருக்கும் போவதற்குத்தான் அரசு பஸ். 1972-ல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று தொடங்கிய கழகங்களை இன்று நட்டக் கணக்கு மட்டும் காட்டி எடை போடுவது நியாயமில்லை.

இதுக்காகக் கண்டக்டரிடம் மல்லுக்கு நிற்காதீங்க. ஓட்ட ஆள் இல்லைன்னா ட்ரிப் கட் ஆகும். 2024 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காலிப் பணியிடங்களை நிரப்பு என்பதும் அவங்க கோரிக்கைதான். அவங்க கேட்டதும் நாம கேட்பதும் ஒண்ணுதான்.

எத்தனை பேர் இலவசமாகப் போனாங்கன்னு அரசு கணக்குச் சொல்லுது. எத்தனை ட்ரிப் ஓடலை என்ற கணக்கையும் டிப்போ வாரியாகச் சொல்லட்டும். சென்னையில் வண்டி எங்கே வருதுன்னு போனில் பார்க்க 2022-லேயே செயலி வந்தாச்சு. மற்ற ஊர்களில் பல ஸ்டாப்பில் நேரம் எழுதிய ஒரு பலகைகூட இல்லை. எந்த ட்ரிப்பைக் குறைத்தாலும் கடைசி பஸ்ஸில் கை வைக்கக் கூடாது.

இந்த வாரம் உங்க ஊர் ஸ்டாப்பில் வராத வண்டிகளை எழுதி வைங்க: ரூட் நம்பர், தேதி, நேரம். பயணிகள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி டிப்போ கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்க. கொடுத்ததற்கு ஒரு நகலில் சீல் போட்டு வாங்கிட்டு வாங்க.