மலேரியாவின் கணக்கில் புற்றுநோயையும் எழுதுக!

நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: உகாண்டா, கென்யா, தான்சானியா, மலாவி நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள்; உலக சுகாதார நிறுவனம்; நிதி வழங்கும் அரசுகள்.

கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், குழந்தைகளின் தாடையில் புடைக்கும் புற்றுக்கட்டி பற்றி 1958-இல் எழுதினார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில்தான் அது பரவலாகத் தென்பட்டது. மலேரியா ஓயாத நிலங்களும் அவையே. 1964-இல் அக்கட்டியின் உயிரணுக்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டறியப்பட்டது.

அந்த வைரஸ் உலகெங்கும் உண்டு. இந்தப் புற்றுநோயோ இங்கேதான் மிகுதி. ஃபால்சிபாரம் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது பி வகை வெள்ளணுக்கள் ஓய்வின்றிப் பெருகுகின்றன. வைரஸை அடக்கிவைக்கும் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. மரபணுத் துண்டுகள் முறிந்து இடம் மாறும் வாய்ப்பு கூடுகிறது. இப்படி ஓயாமல் தாக்கும் மலேரியாவைப் ‘பெரும்பாலும் புற்றுநோய்க் காரணி’ என்ற பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் சேர்த்தது.

மலேரியா கண்ட குழந்தைகளில் மிகச் சிலருக்கே பர்க்கிட் லிம்போமா எனப்படும் இந்தப் புற்றுநோய் வருகிறது. வந்துவிட்டால் கட்டி ஓரிரு நாளிலேயே இருமடங்காகலாம். வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கும் இந்நோயில், ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை. ஆகவே கோருகிறோம்:

1. மலேரியா ஒழிப்புத் திட்டமும் புற்றுநோய்ப் பதிவேடும் தனித்தனி அறைகளில் இயங்குவது முடிவுக்கு வரட்டும். மாவட்டவாரியாக இரண்டையும் ஒப்பிட்டு வெளியிடுக.

2. கொசுவலையும், உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் கடைக்கோடிக் கிராமம்வரை சேரட்டும். மலேரியா குறையக் குறைய லிம்போமா எவ்வளவு குறைகிறது என்பதையும் அளந்திடுக.

3. தாடை வீக்கம், ஆடும் பல், பிதுங்கும் கண், வயிற்றுக் கட்டி: இவற்றைக் கண்டதும் பல்வலி என்றோ மண்ணீரல் வீக்கம் என்றோ அனுப்பிவிடாமல், அன்றே மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருக.

4. மண்டல மருத்துவமனைகளில் திசுப் பரிசோதனை வசதியும் நோயியல் மருத்துவரும் வேண்டும். முடிவு வாரக்கணக்கில் தாமதிக்கக் கூடாது.

5. சைக்ளோபாஸ்பமைடு, வின்கிறிஸ்டின், மெத்தோடிரெக்சேட் ஆகியவை பல பத்தாண்டுகளாகப் புழங்கும் மருந்துகள். அவற்றை இலவசமாக, இருப்பு தீராமல் வழங்குக.

6. பேருந்துக் கட்டணம் இல்லாததால் சிகிச்சை பாதியில் நிற்கிறது. குழந்தைக்கும் உடன்வரும் தாய்க்கும் பயணச் செலவு, தங்குமிடம், உணவு தருக.

7. தேசிய பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2001-இல் அபுஜாவில் ஆப்பிரிக்க அரசுகள் தந்த வாக்கு நிறைவேறட்டும்.

குழந்தைப் புற்றுநோயில் 2030-க்குள் குறைந்தது 60 சதவீதத்தினரைப் பிழைக்கவைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. அதற்கென முன்னிறுத்திய ஆறு புற்றுநோய்களில் பர்க்கிட் லிம்போமாவும் ஒன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 25, உலக மலேரியா நாளில், எத்தனை குழந்தைகளுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் ஒவ்வோர் அரசும் மக்கள் முன் வைக்க வேண்டும்.